படம் வரையத் தெரியாதவருக்கு ஆர்ட் ஜர்னல் எதற்கு?

ஜனவரி 9, வாசகர் கேள்வி

"நான் வட்டம் போட்டால் முட்டையாக வரும். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள், அந்தப் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது. இப்போது மனசு சரியில்லாத நேரம். எழுதி வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், எழுந்திருக்கும்போது முன்னைவிடப் பாரமாக இருக்கிறது. ஆர்ட் ஜர்னல் செய்து பார் என்று ஒருவர் சொன்னார். தேடிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் கண்காட்சியில் மாட்டுகிற மாதிரி இருக்கிறது. என்னைப் போன்றவருக்கு இதில் ஏதாவது உண்டா? இல்லை, இதுவும் வரையத் தெரிந்தவர்களுக்கானதுதானா?"

ஜனவரி 9, இரவு

உண்டு. வரையத் தெரியாததால் நீங்கள் இதில் எதையும் இழக்கப் போவதில்லை.

ஆர்ட் ஜர்னல் என்றால் ஓவியப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டு பலர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அது ஒரு நாட்குறிப்பு. வண்ணம், கிறுக்கல், கிழித்து ஒட்டிய தாள், நாலு வரி எழுத்து எல்லாம் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதில் மரம் மரம் மாதிரி இருக்க வேண்டியதில்லை. மரமே இருக்க வேண்டியதில்லை.

2016-இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 39 பேருக்கு மார்க்கர், களிமண், கொலாஜ் செய்யத் தாள்கள் கொடுத்து, 45 நிமிடம் எதை வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். மன அழுத்தம் ஏறும்போது உடலில் கூடுகிற கார்ட்டிசாலை முன்பும் பின்பும் உமிழ்நீரில் அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: ஏற்கெனவே கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் முடிவில் தெரியவில்லை.

சின்ன ஆய்வுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. அதனால் இதைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம். ஆனால் "எனக்கு வராது" என்ற ஒரே காரணத்துக்காக ஒதுங்குகிறவருக்கு இது போதும்.

ஜனவரி 10

முதல் பக்கத்தில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நோட்டு. அழகான, கெட்டி அட்டை போட்ட, பரிசாக வந்த நோட்டை எடுக்காதீர்கள். அதில் கை வைக்கவே மனசு வராது. பாதி எழுதி விட்டுப்போன பழைய நோட்டு இருந்தால் அதுதான் சரி.

அடுத்தது, தூரிகையை ஒதுக்கி வையுங்கள். தூரிகையைப் பிடித்ததுமே "ஒழுங்காக வரைய வேண்டும்" என்ற பள்ளிக்கூடக் குரல் வந்துவிடும். உபயோகம் முடிந்த ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து, அக்ரிலிக் வண்ணம் ஒரு சொட்டு விட்டு, அட்டையின் விளிம்பால் பக்கத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இழுத்துவிடுங்கள். எந்த நிறம் என்று யோசிக்காமல் கை போகிற நிறத்தை எடுங்கள். வண்ணம் சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் தாள் தெரிகிற அளவு மெலிந்தும் போகும். அவ்வளவுதான், வெள்ளைப் பக்கத்தின் மிரட்டல் முடிந்தது.

காய்ந்ததும் ஒரு பத்திரிகைப் பக்கத்தைக் கிழியுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கையால். அச்சடித்த வழவழப்பான தாளைக் கிழித்தால் ஒரு துண்டில் வெள்ளை விளிம்பு வரும், மற்றதில் வராது. கிழிக்கிற திசையை மாற்றினால் வெள்ளை மறு துண்டுக்குப் போய்விடும். இதைக் கொஞ்ச நேரம் செய்து பாருங்கள். எந்தத் துண்டு பிடிக்கிறது, எங்கே வைக்கலாம், நேராகவா சாய்வாகவா என்று கை தானாகவே முடிவெடுக்கத் தொடங்கும். அந்தச் சின்னச் சின்ன முடிவுகள்தான் விஷயம். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

ஜனவரி 12

"அப்புறம் எழுதுகிறேன்" என்றதை ஒருவர் ஞாபகப்படுத்திவிட்டார். என் கதையைச் சொன்னால்தான் புரியும்.

அப்பா போன பிறகு என்னால் எதையும் எழுத முடியவில்லை. எழுதத் தெரிந்தவள் என்று பேர், ஆனால் முதல் வரியே பொய்யாகத் தெரிந்தது. மேஜை இழுப்பறையில் அவருடைய காலி மாத்திரை அட்டைகள் சில கிடந்தன. தூக்கிப் போடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு மத்தியானம் அதில் ஒன்றை நோட்டில் ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

க்ளூ ஸ்டிக் ஒட்டவில்லை. வெள்ளைப் பசையும் காய்ந்ததும் விட்டுவிட்டது. பின்பக்கம் அலுமினியத் தகடு, அதில் பசை ஊற வழியே இல்லை. கடைசியில் ஊசி நூல் எடுத்தேன். தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஊசி இறங்கும்போது 'டப்'பென்று ஒரு சின்னச் சத்தம் வரும். நூலை வேகமாக இழுத்தால் தாள் கிழியும், அதனால் மெதுவாக இழுக்க வேண்டும். மாத்திரை வெளியே வந்த ஓட்டைகளைச் சுற்றித் தகடு கிழிந்து தூக்கிக்கொண்டு நின்றது, அதில் விரல் பட்டால் கீறும். ஒவ்வொரு ஓட்டையாக விளிம்பை நகத்தால் அமுக்கிவிட்டேன். ஊசியை எங்கே இறக்குவது, நூல் எந்த நிறம், முடிச்சு எந்தப் பக்கம் என்பதைத் தவிர அந்த நேரம் முழுக்க வேறெதையும் நினைக்கவில்லை. ஆனால் அந்த நேரம் முழுக்க அப்பாவோடுதான் இருந்தேன்.

பக்கத்தைத் திருப்பினால் பின்னால் தையல் கோடு கோடாக விழுந்திருந்தது. அடுத்த பக்கம் அந்தக் கோடுகளிலிருந்தே தொடங்கியது. அவர் கையெழுத்தில் இருந்த ஒரு துண்டுச் சீட்டை அதன் கீழே ஒட்டினேன். அதற்கும் அடுத்த பக்கத்தில்தான் எழுத்து வந்தது.

நீங்கள் எழுதியிருந்தீர்களே, எழுதினால் ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று. வார்த்தை அப்படித்தான், வந்த வழியிலேயே திரும்பிப் போகும். ஊசியால் அது முடியாது. தாள் இங்கே கிழிகிறது, பசை அங்கே ஒட்டவில்லை என்று பொருள் குறுக்கே நிற்கும், கை அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். துக்கம் அதே துக்கம்தான், ஆனால் ஒரு வேலையாக முன்னே நகர்கிறது.

ஜனவரி 13

"இவ்வளவு சுற்றி வளைப்பானேன், கோபமோ அழுகையோ அப்படியே பக்கத்தில் கொட்டித் தீர்த்தால் போதும், அதுதான் ஆர்ட் ஜர்னலின் பயனே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறையப் பேர் நம்புவது இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

2008-இல் டாலெப்ரூ, கோல்ட்ஸ்டைன், வின்னர் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். சோகமான திரைப்படக் காட்சியைக் காட்டி மனநிலையைத் தாழ்த்திவிட்டு, சிலரைத் தங்கள் அப்போதைய உணர்ச்சியையே வரையச் சொன்னார்கள், சிலரை மகிழ்ச்சியான ஒன்றை வரையச் சொன்னார்கள். இரண்டாவது வகையினரின் மனநிலைதான் அதிகமாக மேலே வந்தது. கோபத்தைப் பற்றி பிராட் புஷ்மன் 2002-இல் செய்த ஆய்வு இன்னும் கறாரானது. கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களின் கோபம் தணியவில்லை, மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களே மேல்.

ஆக, சிவப்பையும் கறுப்பையும் எடுத்துப் பக்கத்தைக் குத்திக் கிழித்தால் கோபம் போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. குத்துகிறபோது எதை நினைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜனவரி 13, இரவு

காலையில் எழுதியதைப் படித்தால் கொட்டுவதே தப்பு என்கிற மாதிரி இருக்கிறது. அது பாதிதான். மறுபாதியும் வேண்டும்.

ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் மாணவர்களை 4 நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் நடந்த மிக மோசமான சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த 6 மாதத்தில் அவர்கள் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது.

உங்கள் கேள்வியில் இருந்த "முன்னைவிடப் பாரமாக இருக்கிறது" என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். எழுதியவுடன் பாரமாக இருப்பது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை, அதை வைத்து எழுத்தை ஒதுக்கவும் வேண்டாம். ஆனால் அவர்கள் 4 நாளோடு நிறுத்தினார்கள். ஒரே காயத்தை நாள் கணக்கில்லாமல் கிளறிக்கொண்டிருப்பது வேறு.

நான் செய்வது இதுதான். எழுத வேண்டியதை முதலில் பக்கத்தில் எழுதிவிடுவேன், கொஞ்ச நேரம் மட்டும். அப்புறம் அந்த எழுத்தின் மேலேயே வேலை. வண்ணம் பூசுவேன், ஒட்டுவேன், சில சொற்களை மட்டும் தெரியவிட்டு மற்றதை மூடுவேன். கொட்டுவது ஆரம்பம், அதற்குமேல் கை செய்கிற வேலையில்தான் மனசு இறங்கி வருகிறது.

ஜனவரி 15

எழுதியதை மூடுவது பற்றிப் பல கேள்விகள். இதில் நுணுக்கம் இருக்கிறது, தெரியாமல் செய்தால் மூடியது மறுநாள் மேலே வந்து நிற்கும்.

ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டு மேலே வெள்ளை அக்ரிலிக்கோ, ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சோ பூசினால், ஈரம் பட்டதும் அந்த மை கரைந்து வெள்ளைக்குள் ஏறிவிடும். இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு மூட்டம் தெரியும். இன்னொரு பூச்சு பூசினாலும் திரும்ப வரும். பென்சில் எழுத்து தூரிகையோடு இழுபட்டுச் சாம்பல் நிறமாகும், அது எனக்குப் பிடிக்கும். நீரில் கரையாத நிறமிப் பேனாக்கள் இருக்கின்றன, அவை நன்றாகக் காய்ந்த பிறகு அசையாது. யாரும் படிக்கக் கூடாத விஷயமென்றால் எழுத்தை மூடுவதைவிட அதன் மேல் தாள் ஒட்டுவது நிச்சயமான வழி.

எனக்கு மிகவும் பிடித்தது வெள்ளை மெழுகுக் க்ரேயான். வெள்ளைத் தாளில் வெள்ளைக் க்ரேயானால் அழுத்தி எழுதுங்கள். எழுதுகிற உங்களுக்கே தெரியாது. அப்படித் தெரியாமல் எழுதும்போது, பேனாவால் எழுதத் துணியாததைக் கூட எழுதிவிடுவோம். அதை அப்படியே விடலாம், உலகத்தில் யாருக்கும் தெரியாது. என்றைக்காவது பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வாட்டர் கலரை நீர்க்கக் கரைத்து மேலே ஓடவிடுங்கள். மெழுகு இருக்கிற இடத்தில் தண்ணீர் ஒதுங்கும், எழுத்து வெள்ளையாகக் கிளம்பி வரும்.

ஜனவரி 16

பொருட்கள் பற்றி ஒரே குறிப்பில் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தால் மற்றது நின்றுபோகும்.

சாதாரண அச்சுத் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் அத்தனை கிராம் எடை. அதில் தண்ணீர் பட்டால் நார்கள் ஊறி விரிந்து தாள் அலை அலையாக எழும்பும். வாட்டர் கலருக்கென்று வருவது 300 ஜிஎஸ்எம், அது தாங்கும். இருக்கிற நோட்டையே பயன்படுத்த வேண்டுமானால் இரண்டு மூன்று தாளைச் சேர்த்து ஒட்டிக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதலில் ஜெஸ்ஸோ பூசுங்கள். ஜெஸ்ஸோ என்றால் சுண்ணப் பொடியும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு. தாள் உறிஞ்சுவதைக் குறைக்கும், மேலே வண்ணம் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பும் கொடுக்கும்.

அக்ரிலிக் பூசிய இரண்டு பக்கங்கள் எதிரெதிராக இருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகும் நோட்டை மூடி மேலே எடை வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இரண்டு பக்கமும் போய்விடும். நடுவில் ஒரு மெழுகுத்தாள் வையுங்கள்.

ரசீது, பயணச்சீட்டு ஒட்டுகிறவர்களுக்கு: இப்போது பெரும்பாலும் அவை வெப்பத்தால் அச்சாகிறவை. வெளிச்சத்திலும் சூட்டிலும் எழுத்து மங்கிப்போகும், சில பசைகள் பட்டாலும் சீக்கிரம் மறையும். ஞாபகத்துக்காக வைப்பதென்றால் முதலில் ஒரு நகல் எடுத்து, நகலை ஒட்டுங்கள். செய்தித்தாள் மஞ்சளாகும், மரக்கூழில் இருக்கிற லிக்னின் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து செய்கிற வேலை அது. எனக்கு அந்த மஞ்சள் தொந்தரவாகத் தெரியவில்லை.

ஜனவரி 19

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மகிழ்ச்சி. "வண்ணம் இழுத்தேன், கிழித்தேன், ஒட்டினேன். பார்க்கச் சகிக்கவில்லை. கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன்."

குப்பையிலிருந்து எடுங்கள். அந்தக் கிழிந்த துண்டுகளில் உங்கள் கையால் போட்ட வண்ணம் இருக்கிறது. கடையில் விற்கிற அலங்காரத் தாள்களைவிட ஒட்டுவதற்கு அதுதான் உயர்ந்தது.

இன்னொன்று, பக்கத்தை முடித்த உடனே அதை மதிப்பிடாதீர்கள். மூடி வைத்துவிட்டுப் போங்கள். அன்றைக்குப் பார்த்தால் நீங்கள் நினைத்ததற்கும் வந்ததற்கும் உள்ள தூரம் மட்டும்தான் கண்ணில் படும். சில வாரம் கழித்துப் பார்த்தால் என்ன நினைத்தோம் என்பதே மறந்திருக்கும், பக்கத்தில் வந்திருப்பது மட்டும் கண்ணில் படும்.

ஜனவரி 20

கை தொடங்கவே மாட்டேன் என்கிறது, வெற்றுத் தாளைப் பார்த்தாலே படபடப்பாக இருக்கிறது என்று மூன்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள்.

அப்படியானால் வெற்றுத் தாளில் தொடங்க வேண்டாம். 2005-இல் கர்ரி, காஸர் இருவரும் பதற்றமூட்டிய பிறகு சிலருக்கு மண்டலா என்கிற வட்டக் கோல வடிவத்தையும், சிலருக்குக் கட்டம் போட்ட வடிவத்தையும், சிலருக்கு வெறும் தாளையும் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வடிவம் கிடைத்தவர்களின் பதற்றம் வெறும் தாள் கிடைத்தவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. "மனம் போனபடி எதையாவது வரை" என்பது கேட்க அழகாக இருக்கிறது, பதறுகிற மனசுக்கு அது இன்னொரு சுமை. பிடித்துக்கொள்ள ஒரு கோடு இருந்தால் கை போகும்.

உளவியலாளர் கார்ல் யுங் கூட முதல் உலகப் போரின் பிற்பகுதியில் காலைதோறும் நோட்டில் ஒரு சின்ன வட்டப் படம் வரைந்துகொண்டிருந்தார். அதே வட்டம், அதே நேரம். எதை வரைவது என்ற கேள்வியே எழாது.

எனவே நல்ல நாளில், மனசு நிதானமாக இருக்கும்போது, சில பக்கங்களில் கட்டமோ வட்டமோ போட்டு வைத்துவிடுங்கள். மோசமான நாளில் அதைத் திறந்து கட்டங்களை நிரப்பினால் போதும். மேலே ஜனவரி 10-இல் சொன்ன அட்டை இழுப்பு வெற்றுப் பக்கத்துக்குப் பயப்படாதவருக்கு. பயப்படுகிறவருக்கு இது.

ஜனவரி 20, அதே இரவு

கூட்டத்தில் உட்கார்ந்து கிறுக்குவது மரியாதைக் குறைவு என்றவருக்கு: ஜாக்கி ஆண்ட்ரேட் 2009-இல் 40 பேருக்கு அலுப்பான ஒரு தொலைபேசிச் செய்தியைப் போட்டுக் காட்டினார். கேட்கும்போதே தாளில் இருந்த வடிவங்களுக்கு நிழல் தீட்டியவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். நான் எல்லாக் கூட்டத்திலும் கிறுக்குகிறேன். அந்தத் தாள்களும் நோட்டுக்குள் போகின்றன.

ஜனவரி 24

"நாட்குறிப்பில் வரைவதெல்லாம் இந்தக் காலத்து மோகம்" என்று ஒரு குரல். பழைய விஷயம்தான்.

ஆட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோய்க்காக மருத்துவ இல்லத்தில் படுத்திருந்தபோது வரைந்து தேறினார், உடன் இருந்த நோயாளிகளையும் வரைய வைத்தார். கலைவழிச் சிகிச்சை என்ற பெயரை 1942-இல் வழங்கியவர் அவர்தான்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ வாழ்க்கையின் கடைசிப் பத்தாண்டில், 1944 முதல் 1954 வரை, ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அவருடைய பெரிய ஓவியங்களில் இருக்கிற கச்சிதம் அதில் கிடையாது. சிந்திய மைக் கறையைப் பார்த்து அதிலிருந்து உருவம் வளர்த்திருக்கிறார், எழுதியிருக்கிறார், எழுத்தின் மேலேயே வரைந்திருக்கிறார். 1953-இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்துப் பக்கத்தில் வெட்டுண்ட பாதங்கள் ஒரு பீடத்தின் மேல் நிற்கின்றன. உலகம் அறிந்த ஓவியர், தனக்கென்று வைத்த நோட்டில் அழகாக வர வேண்டும் என்று பாடுபடவில்லை. கேள்வி கேட்டவர் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எழுத்தை மூடி வேலை செய்வதில் எனக்குப் பெரியவர் ஆங்கிலேய ஓவியர் டாம் ஃபிலிப்ஸ். 1966-இல் விக்டோரியா காலத்துப் பழைய நாவல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதன் மேல் வரைந்தார். விட்ட சொற்கள் சேர்ந்து வேறொரு கதையாயின. செய்த பக்கங்களையே திரும்பச் செய்துகொண்டு 2016 வரை அதில் இருந்தார். ஜனவரி 13 இரவு நான் சொன்ன முறைக்கு மூலம் அதுதான். சொந்த எழுத்தின் மேல் அதைச் செய்து பாருங்கள். புலம்பலாக எழுதிய ஒரு பக்கத்தில் "இன்றைக்கு", "கதவு", "கொஞ்சம்", "போதும்" என்று நாலு சொல் மட்டும் எஞ்சி நிற்கும்போது, அது நாம் எழுதியதுதானா என்று இருக்கும்.

ஜனவரி 27

பக்கங்களைப் படம் பிடித்து இணையத்தில் போடலாமா?

உங்கள் விருப்பம். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் போட்டேன். பாராட்டு வந்தது. அடுத்த பக்கத்தில் மஞ்சள் எடுக்கப் போன கை நின்றது, இது படத்தில் எடுபடுமா என்று ஒரு யோசனை வந்தது. அதன்பிறகு நோட்டில் அசிங்கமான பக்கமே வரவில்லை. அது நல்ல அறிகுறி அல்ல. அசிங்கமான பக்கம் வராத நோட்டில் நான் எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இப்போது இரண்டு நோட்டு. ஒன்றை யார் கேட்டாலும் காட்டுவேன். அதில் முறைகள், நிறக் கலவைகள், பார்த்து ரசித்தவை. மற்றது இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. தொடங்குகிறவர் இரண்டாவது நோட்டிலிருந்து தொடங்குங்கள்.

உங்களுக்குப் பிறகு அதை என்ன செய்ய வேண்டும் என்பதையும் யோசித்து வைக்கலாம். ஃப்ரீடாவின் நாட்குறிப்பு அவர் இறந்து நாற்பதாண்டுக்குப் பின், 1995-இல் புத்தகமாக வந்தது. அவரிடம் யாரும் கேட்டிருக்க முடியாது. என்னுடையதை எரித்துவிட வேண்டும் என்று ஒரு தோழியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 28

நேற்றையது பற்றி: "பகிர்ந்ததால்தான் நான் தாங்கினேன், என் பக்கத்தைப் பார்த்து இன்னொருவர் 'எனக்கும்' என்று எழுதியதுதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தது" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். தனிமையே நோயாக இருப்பவருக்கு என் இரண்டு நோட்டு யோசனை உதவாது. அவருக்கு இன்னொரு கண் வேண்டும். அப்போதும் ஆயிரம் பேருக்கு முன்னால் விரிப்பதைவிட, நம்பிக்கையான ஒரு ஆளுக்குக் காட்டுவது மேல் என்பேன். பாராட்டு அல்ல, பதில்தான் அங்கே தேவை.

பிப்ரவரி 2

இதைச் சொல்லாமல் விட முடியாது. தூக்கமே இல்லை, சாப்பிட முடியவில்லை, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று எண்ணம் வருகிறது என்றால் நோட்டைத் தேடி உட்காராதீர்கள். உடனே பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். ஆர்ட் ஜர்னல் சிகிச்சை கிடையாது. கலைவழிச் சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து செய்வது. நாம் வீட்டில் செய்வது வேறு.

அந்த அளவுக்கு இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பக்கம் செய்யும்போது மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது என்றால் அந்தப் பக்கத்தை முடிக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. மூடிவிட்டு எழுந்து நடங்கள். அப்பாவின் மருத்துவமனை நாட்களைப் பற்றி நான் தொடங்கி விட்ட பக்கம் ஒன்று பாதியில்தான் இருக்கிறது. எப்போதாவது முடிப்பேனோ என்னவோ. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 6

கேள்வி கேட்டவரிடமிருந்து: குப்பையிலிருந்து எடுத்த துண்டுகளை ஒட்டி, மேலே வெள்ளைக் க்ரேயானால் எதையோ எழுதினாராம். வண்ணம் ஓடவிடவில்லையாம். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மணிநேரம் போனதே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது போதும்.

இப்போது அவருடைய புதுக் கேள்வி, நோட்டு மூடமாட்டேன் என்கிறது, வாய் பிளந்து நிற்கிறது.

ஒட்ட ஒட்டத் தடிமன் கூடும், முதுகு அதே அகலத்தில்தானே இருக்கிறது. வழி இதுதான்: இன்னும் வேலை செய்யாத பகுதியில் ஒன்றுவிட்டு ஒரு தாளை வெட்டி எடுத்துவிடுங்கள். முழுசாக உருவ வேண்டாம், தையல் தளர்ந்து அதன் ஜோடித் தாளும் கையோடு வந்துவிடும். முதுகிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டு வெட்டுங்கள். அந்த விளிம்பு முதுகுக்குத் தடிமன் கொடுக்கும், ஒட்டுகிற பக்கங்களுக்கு இடமும் கிடைக்கும். வெட்டிய தாள்களைக் கிழித்து ஒட்ட வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பிளந்து நிற்கிற பகுதிக்கு ஒரு அகலமான ரப்பர் பட்டை போட்டு வையுங்கள், ரொம்ப இறுக்கமாக வேண்டாம், அக்ரிலிக் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்.